மறுக்கா கேட்காத ஊர்

1

இந்த மாதத்தோடு நான் இந்த வேலையில் சேர்ந்து ஐந்து வருடம். ஜெர்மனியில் ஹனோவருக்கு வந்து ஏழு வருடம். முதல் இரண்டும் படிப்பில் போயின. வேலையின் ஐந்து வருடத்தைக் கொண்டாடும் எண்ணம் எனக்கு இல்லை. நிறுவனத்துக்கு இருந்தது. ஐந்து வருடம் முடித்தவர்களையெல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மாடி அறையில் வட்டமாக உட்காரவைத்து 'நன்றியுணர்வுப் பயிற்சி' கொடுத்தார்கள். வேறு எதுவும் கொடுக்க மனமில்லாத இடங்களில் இதைக் கொடுப்பார்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்.

பயிற்சி தர வந்த பெண்மணியின் கழுத்தில் நாலு சுற்றுத் துணி, கையில் ஆற்றில் எடுத்த வழவழப்பான கல். கல் யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் பேச வேண்டும். நாங்கள் வாகன உதிரிபாகங்களை இரும்பு மேசையில் முடுக்கி, விரிசல் விடும்வரை குலுக்கிப் பார்க்கிற ஆட்கள். எங்கள் கையில் கல்லைக் கொடுத்தால், எந்த அதிர்வெண்ணில் இது உடையும் என்றுதான் யோசிப்போம்.

ஆளுக்கொரு அட்டை. அதில் மூன்று கோடுகள். வாழ்க்கையில் நன்றி சொல்ல வேண்டிய மூன்றை எழுத வேண்டும். நான் எழுதியவை:

ஒன்று, குழாயைத் திறந்து அப்படியே குடிக்க முடிகிற தண்ணீர்.
இரண்டு, ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் துளை போடக் கூடாது என்கிற சட்டம்.

மூன்றாவது கோட்டைக் காலியாக விட்டேன். எழுத விஷயம் இல்லாமல் அல்ல. ஒன்று வந்துகொண்டிருந்தது, கைக்கு வந்தபின் எழுதலாம் என்றுதான். எங்கள் அதிர்வுச் சோதனைக்கூடத்தின் பொறுப்பாளர் பதவி அது. மூன்று வாரமாக அதற்காகக் காத்திருந்தேன்.

பெண்மணி என் அட்டையைப் பார்த்துவிட்டுக் கனிவோடு சொன்னார்: நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர், நன்றியுணர்வு உங்கள் பண்பாட்டில் ரத்தத்திலேயே ஊறியிருக்குமே, அதைப் பற்றி எங்களுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? கல்லை என் பக்கம் நீட்டினார். நான் "டாங்கெ", அதாவது நன்றி, என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினேன். செருமி முடிப்பதற்குள் கல் அடுத்த ஆளின் கையில் இருந்தது.

வெள்ளைக்காரர்களின் அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊரைப் பற்றி நான் தப்பாக நினைத்த பலவற்றில் அதுவும் ஒன்று.

2

ரத்தத்தில் ஊறிய நன்றியைப் பற்றிச் சொல்கிறேன். கல் இல்லாமலே சொல்கிறேன்.

பெருந்துறையில் நான் வளர்ந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னது கிடையாது. 'நன்றி' என்ற சொல்லை நான் பார்த்த இடங்கள்: பேருந்து நிலைய வாசலில் 'நன்றி, மீண்டும் வருக'. தேர்தல் முடிந்தபிறகு ஒட்டப்படும் சுவரொட்டி. பள்ளி ஆண்டு விழாவில் கடைசியாக வரும் நன்றியுரை. அதைப் பேச, வேறு எதற்கும் லாயக்கில்லாதவர் என்று முடிவான ஆசிரியரைத்தான் அனுப்புவார்கள். அம்மா தோசை போடும்போது நான் 'நன்றி' என்று சொல்லியிருந்தால், கரண்டியை நிறுத்திவிட்டு, "மேடையில பேசறயா?" என்று கேட்டிருப்பார். அல்லது நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

இப்போது இந்தியத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். அங்கே எல்லோரும் நன்றியோடுதான் எழுந்திருக்கிறார்கள். பனி பெய்தால் நன்றி. கிறிஸ்துமஸ் சந்தையில் கோப்பையோடு நின்றால் நன்றி. நிரந்தர வசிப்புரிமை அட்டையைப் பிடித்தபடி நிற்கும் படத்தின் கீழே பிரபஞ்சத்துக்கே நன்றி. அதே அட்டைக்காக அதே ஆள் எட்டு மாதம் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைக்காமல், வெளிநாட்டவர் அலுவலகத்தைக் குழுவில் கிழித்துத் தொங்கவிட்டிருந்ததை யாரும் நினைவூட்டுவதில்லை.

நானும் பழகிக்கொண்டேன். இங்கே கடையில் மீதிச் சில்லறைக்கு நன்றி, கதவைப் பிடித்ததற்கு நன்றி, கதவைப் பிடித்தவர் சொல்லும் நன்றிக்குப் பதில் நன்றி. ஆங்கிலத்தில் 'தேங்க் யூ' என்று ஏற்கெனவே வாய் பழகியிருந்தது. அதைக் கழற்றி அந்த இடத்தில் 'டாங்கெ'யைப் பொருத்தினேன். அளவு ஒன்றுதான், மரை ஒன்றுதான் என்று நினைத்தேன். பொறியாளர்கள் இப்படித்தான் கெடுவார்கள். கையால் திருகும்போது இரண்டு மரையும் ஒன்றுபோல ஏறும், குலுக்கும்போதுதான் தெரியும்.

3

இந்தக் குறிப்புகளை முன்பிருந்தே படிப்பவர்களுக்கு, இரண்டு வருடம் முன்பு நான் எழுதியது நினைவிருக்கலாம். ஜெர்மானியர்கள் கஞ்சர்கள் என்று உறுதியாக எழுதியிருந்தேன். ஆதாரமும் கொடுத்திருந்தேன். காபி வேண்டுமா என்று கேட்பார்கள்; நன்றி என்று சொல்லி வாயை மூடுவதற்குள் குடுவையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறந்தநாள் கேக்கும் அப்படித்தான். கேட்டதாகவும் இருக்க வேண்டும், கொடுத்ததாகவும் இருக்கக் கூடாது. அது அவர்களுடைய உபசரிப்பு. உங்களில் பலர் அதைப் பாராட்டி எழுதினீர்கள். திருப்பூரிலிருந்து ஒருவர், தன் மைத்துனருக்கும் இதே அனுபவம் என்றார்.

அதையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பகுதியில் தேவைப்படும்.

4

மூன்று வாரக் காத்திருப்பின் கதை இது.

என் மேலாளர் லின்டமன், சிரித்தால் வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதுபோல முகத்தை வைத்திருப்பார். என்னை 'ஃப்ராவ் குப்புசாமி' என்று கூப்பிடுவார், குப்புசாமி அம்மையார் என்பதுபோல. குப்புசாமி என் அப்பா. முதல் வருடம் அவர் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அப்பா பின்னால் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு நாள் என்னை அறைக்கு அழைத்து, சோதனைக்கூடத்தின் பொறுப்பாளர் ஃப்ராவ் கிராமர் இலையுதிர் காலத்தில் ம்யூனிக் போவதாகச் சொன்னார். பிறகு, அந்த இடத்தில் உங்களைக் கற்பனை செய்து பார்க்க முடிகிறதா என்று கேட்டார். இந்த ஊரில் வேலை கொடுக்கும்போது இப்படித்தான் கேட்பார்கள், சிறுகதைப் போட்டிக்கு அழைப்பதுபோல.

கற்பனையா? நான் ஐந்து வருடமாக வேறொன்றையும் கற்பனை செய்யவில்லை. பாகத்தை மேசையில் பொருத்துவது நான். உணரிகளை ஒட்டுவது நான். அதிர்வது பாகம் அல்ல, அதைப் பிடித்திருக்கும் தாங்கிதான் என்று கண்டுபிடிப்பது நான். அறிக்கையை எழுதுவதும் நான். அதன் அடியில் கையெழுத்து மட்டும் பொறுப்பாளருடையது. அந்தக் கோட்டின் மேல் என் பெயர் வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், அது முழுதாக வேண்டும்.

நான் என்ன சொன்னேன்? தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி, "டாங்கெ" என்றேன். ரொம்ப நன்றி என்று இன்னொரு தடவை சொன்னேன். என்னைவிட அனுபவசாலிகள் இருப்பார்களே என்றேன்.

நீங்கள் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படித்தால், நான் சரி என்று சொல்லிவிட்டதாகத்தான் புரிந்துகொள்வீர்கள். பந்தியில் பரிமாறுகிறவர் வரும்போது இலைக்கு மேல் கையை வைத்து மறைப்பது போதும் என்பதற்கா? இல்லை. இன்னொரு கரண்டி என்பதற்கு. முதல் தடவை கேட்டதும் கையை நீட்டுகிற பெண்ணை எங்கள் ஊரில் 'ஆலாப் பறக்கறா' என்பார்கள். முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் மறுக்கா கேட்பார்கள். கொங்குப் பக்கத்தில் மறுபடி என்பதை 'மறுக்கா' என்போம். மறுத்தால்தான் மறுக்கா. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'மறு'தான். எவ்வளவு வசதியான மொழி.

லின்டமன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "புரிகிறது" என்றார். புரிந்துகொண்டார் என்று நானும் புரிந்துகொண்டேன்.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, நான் என்ன பதில் சொன்னேன் என்பது. எனக்கெதுக்குன்னுட்டேன் என்றேன். "அதான் கண்ணு மரியாதை. மறுக்கா கேப்பாங்க. கேக்காம எங்க போயிருவாங்க" என்றார். அடுத்த நாள் பெரியம்மா வீட்டுக்குச் செய்தி போய்விட்டது.

மூன்று வாரத்தில், லின்டமன் மறுக்கா கேட்கப்போகிறார் என்பதற்கு நான் திரட்டிய ஆதாரங்கள்: ஒரு தடவை மின்தூக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை வார இறுதி எப்படி இருந்தது என்றார். ஒரு மின்னஞ்சலில் என் பெயரைச் சரியாக எழுதியிருந்தார். சோதனைக்கூடத்தில் யாராவது இப்படிப்பட்ட ஆதாரத்தை வைத்து அறிக்கை எழுதினால், நானே அவரை வாசலுக்கு அனுப்புவேன்.

5

பயிற்சிக்கு அடுத்த ஞாயிறு சாந்தி அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்தவர்; இன்று இந்த ஊரில் டிராம் ஓட்டுகிறார். தமிழ்க் கடையில் முருங்கைக்காய்க்கு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டியதில் பழக்கம். கணவர் அன்று எசன் நகரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் அக்காவும் மகள் மதுராவும். மதுராவுக்குப் பதினெட்டு, மூக்குக்கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங், அதாவது வேலையோடு சேர்ந்த தொழிற்படிப்பு செய்கிறாள். தமிழில் கேட்டால் பாதி நேரம் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவள் தூரப் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது அக்காவின் நிரந்தரக் குறை. அவள் போகவெல்லாம் இல்லை, எதிர் நாற்காலியில்தான் இருந்தாள். கண் மட்டும் போனில்.

இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. என் தட்டில் அக்கா வைப்பதும் நான் போதும் என்பதும் அவர் இன்னொன்றை வைப்பதுமாக எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"இன்னொண்டு வைக்கட்டே?"

"டாங்கெ" என்றாள் மதுரா, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அக்கா அவள் தட்டில் இரண்டு வைத்தார்.

"அம்மா, நான் டாங்கெ எண்டெல்லோ சொன்னனான்."

"ஓம். அதுதானே வைச்சனான்."

"டாங்கெ எண்டா வேண்டாம். எத்தினை தரம் சொல்லுறது?"

"அது டிராமுக்க. வீட்டுக்க டாங்கெ எண்டா நன்றி. நன்றி சொன்ன பிள்ளைக்குச் சாப்பாடு போடாமல் விடுறதே?" என்று சொல்லிவிட்டு அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. மதுராவிடம், யாராவது காபி வேண்டுமா என்று கேட்டு நான் டாங்கெ என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

வேண்டாமென்று எடுத்துக்கொள்வார்கள் என்றாள். வேண்டுமென்றால் 'பிட்டெ', அதாவது தயவுசெய்து, என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 'யா', ஆமாம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்கிற முகம்.

"கேக்?"

"கேக்கும் அப்பிடித்தான், அக்கா."

"வேலை?"

அப்போதுதான் போனைக் கீழே வைத்தாள். "என்ன வேலை?"

சொன்னேன். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவள் ஜெர்மனில் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள், விபத்து நடந்த இடத்தில் அளவெடுப்பவரைப் போல. டாங்கெ என்று ஒரு தடவையா இரண்டு தடவையா? அனுபவசாலிகளைப் பற்றியும் சொன்னீர்களா? அவர் புரிகிறது என்றாரா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"விடும் பிள்ளை" என்றார் அக்கா. "மனுசன் யோசிச்சிட்டுத் திருப்பிக் கேப்பான்." குரலில் அப்படியே என் அம்மா.

"கேக்கமாட்டினம், அம்மா. இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம்."

ஒருக்கா. எங்கள் பக்கத்திலும் அதே சொல்தான். பெருந்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொதுவான அந்தச் சொல்லைத்தான், தமிழே வராது என்று அம்மாவால் திட்டப்படும் பெண் தேடி எடுத்துப் போட்டாள்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒருக்காக் கேட்டுட்டு விடுறதுக்குப் பேர் கேக்கிறதே? என்ன சனம் உது? இருபது வருசமா இதுகளோட மாரடிக்கிறன்."

மதுரா தட்டில் கிடந்த இரண்டு இடியப்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்கள் நான் சொன்ன வேண்டாம் ஒண்டையெண்டாலும் கேட்டிருக்கிறீங்களே, அம்மா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அக்கா ஒரு இடியப்பத்தை மட்டும் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். மற்றதை மதுரா சாப்பிட்டாள். அந்த வீட்டில் நான் பார்த்த முதல் ஒப்பந்தம் அது.

6

திரும்பி வரும் டிராமில் முதல் வேலையாக, ஏழு வருடக் காபியைக் கணக்கிலிருந்து நீக்கினேன். ஜெர்மானியர்கள் கஞ்சர்கள் அல்ல. நான்தான் ஏழு வருடமாக எல்லாவற்றையும் நன்றி சொல்லி மறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். திருப்பூர்க்காரர் தன் மைத்துனரிடம் சொல்லிவிடவும்.

அடுத்த வேலை அவ்வளவு சுலபமாக இல்லை. மதுரா கேட்டது என்னோடு டிராமில் ஏறி வந்திருந்தது. நான் ஊரில் சொன்ன வேண்டாம்களுக்கு என்ன ஆயிற்று?

இனிப்பு வேண்டாம் என்றேன், கூச்சம் என்றார்கள். கணினிப் படிப்பு வேண்டாம், இயந்திரவியல்தான் என்றேன். விளையாட்டுப் புத்தி, தெளியும் என்றார்கள். தெளியவில்லை. அது வேறு. பிறகு காங்கேயத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்லவர்கள்தான். நான் வேண்டாம் என்றேன். அம்மாவிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், சமையல் கட்டில் பெரியம்மாவிடமும் சொன்னேன். பெரியம்மா வெளியே போய், பொண்ணு வெக்கப்படறா என்று அறிவித்தார். எல்லோரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். பூ வைக்க நாள் குறித்துவிட்டார்கள். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. பெண் வேண்டாம் என்று சொல்வது பேச்சின் முதல் வரி என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த வரியாக ஹனோவர் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் வந்தது. பெரிய படிப்பு ஆசை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். அது என்னுடைய வேண்டாம்தான். முத்திரை குத்தி வந்ததால் எடுபட்டது.

யோசித்துப் பார்த்தால், என் வேண்டாமை முதல் தடவையே அப்படியே நம்பிய முதல் ஆள் லின்டமன். கண் தாழ்ந்ததா, தலை சாய்ந்ததா, உள்ளே ஆசை இருக்கிறதா என்றெல்லாம் தோண்டவில்லை. வேண்டாம் என்கிறாள், சரி, புரிகிறது. வயது வந்த ஒரு ஆளிடம் நடந்துகொள்வதுபோல நடந்துகொண்டார். அந்த மரியாதை, என் வாழ்க்கையிலேயே நான் பொய்யாகச் சொன்ன பெரிய வேண்டாமுக்குக் கிடைத்தது என்பது என் யோகம்.

எரிச்சலாக இருந்தது. இந்த ஊரின் மேல் அல்ல. அதற்கடியில், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, நன்றி போல ஒன்றும் இருந்தது. அதை எழுத அந்த அட்டையில் இடம் போதாது. கல்லைப் பிடித்துக்கொண்டு சொல்கிற விஷயமும் அல்ல.

இன்னொன்றும் தெரிந்தது. வேண்டாமை நம்புகிற ஊரில் வேணும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். உள்ளே புகுந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வர யாரும் வரமாட்டார்கள். எனக்கு வேணும் என்று நான் யாரிடம் நேராகக் கேட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். பேருந்து நடத்துநரிடம். ஈரோடு ஒண்ணு. அதற்கு மேல் ஞாபகம் வரவில்லை. இத்தனை வருடமாக அடக்கம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது அடக்கம் இல்லை. ஆசை இருந்தது, வாய்தான் இல்லை. எனக்குப் பேராசை உண்டு. தாங்கி எது, பாகம் எது என்று எனக்கு இருப்பதுபோல வேறு யாருக்கும் அந்தக் கூடத்தில் கண் கிடையாது, அது எனக்குத் தெரியும், அதற்கு என் பெயர் வேண்டும். டிராமின் கண்ணாடியில் தெரிந்த முகத்திடம் இதை ஒப்புக்கொண்டேன். முகம் ஒன்றும் அதிர்ச்சி அடையவில்லை. அதற்கு முன்பே தெரியும்போல.

7

லின்டமனின் அறை என் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும். சுவர் கண்ணாடி. அவர் சும்மா உட்கார்ந்திருப்பதும் தெரியும். ஆனாலும் டெர்மின் வாங்கித்தான் போக வேண்டும். திங்கட்கிழமை காலைக்கு வாங்கினேன்.

போவதற்கு முன் ஒரு விளக்கம் தயாரித்திருந்தேன். தமிழ் விருந்தோம்பல், வாழை இலை, கை மறைப்பது, மறுத்தலும் மறுபடியும், வரிசை எண் போட்டு. வாசலில் அதை விட்டுவிட்டேன். நான் இப்படித்தான், எங்கள் பண்பாடு அப்படி என்று விளக்கத் தொடங்கினால் இங்கே தலையாட்டி மன்னித்துவிடுவார்கள். எனக்கு மன்னிப்பு தேவைப்படவில்லை.

உட்கார்ந்ததும், சோதனைக்கூடப் பொறுப்பு இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை டோபியாஸிடம் கேட்டிருப்பதாகச் சொன்னார். டோபியாஸ் எனக்கு இரண்டு வருடம் பின்னால் வந்தவர். நல்லவர். உணரியை ஒட்ட மெழுகு வைப்பார் பாருங்கள், பிறந்தநாள் கேக்குக்கு மேல் க்ரீம் வைப்பதுபோல.

"நீங்கள் வேண்டாம் என்றீர்களே" என்றார் லின்டமன்.

"நான் நன்றி என்றேன்."

"ஆமாம். நன்றி என்றீர்கள்."

இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஜெர்மன் வகுப்பில், 'எனக்கு வேண்டும்' என்று வெடுக்கென்று சொல்லக் கூடாது, 'விரும்புகிறேன்' என்று நயமாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதற்கு இரண்டு வெவ்வேறு வினைச்சொற்கள் உண்டு. தேர்வில் ஒருபோதும் தப்பு விட்டதில்லை. அன்று மரியாதை இல்லாத சொல்லை எடுத்தேன்.

"இஷ் வில் தஸ்." எனக்கு அது வேண்டும்.

லின்டமன் பேனாவை மேசையில் வைத்தார். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றார். கேள்வி நியாயமானது. இப்போது சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கொடுத்த வார்த்தையைத் தன்னால் திரும்ப வாங்க முடியாது, டோபியாஸ் புதன்கிழமை முடிவு சொல்வார், அதுவரை எதுவும் இல்லை என்றார். எழுந்தேன். வழக்கமாக வாசலில் ஒரு டாங்கெ சொல்வேன். சொல்லவில்லை.

புதன்கிழமை காலை காபி இயந்திரத்தின் முன் டோபியாஸ் நின்றிருந்தார். லின்டமன் அவரிடம் கேட்டதும், நான் போய்ப் பேசியதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடிச் சுவரின் பலன் அது. தான் வேண்டாம் என்று இப்போதுதான் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். குழந்தை சின்னது, வாரம் நாலு நாள் வேலைக்கு மாறப்போகிறாராம்.

உண்மையாகவே வேண்டாமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றார்.

நீங்கள் நன்றாகச் செய்வீர்களே, இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாமே என்றேன். என் வாயிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது. எனக்கு எதிராகவே அது வாதாடியது. நிறுத்த முடியவில்லை. அவர் தட்டில் மூன்றாவது இடியப்பத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

டோபியாஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்றார், கொஞ்சம் சிடுசிடுப்பாக.

புரிகிறது என்றேன். முதல் தடவையாக எனக்கே புரிந்தது.

மதியம் லின்டமன் கூப்பிட்டார். இந்த முறை கற்பனை எதுவும் இல்லை. ஆறு மாதம் சோதனை முறையில், பிறகு நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பேசலாம், சம்மதமா என்றார். தொண்டை வரைக்கும் ஒரு பட்டாளமே ஏறி வந்து நின்றது. எனக்கெதுக்குங்க. என்னவிட நல்லா செய்யறவங்க இருப்பாங்களே. இருக்கட்டுங்க, பாத்துக்கலாம்.

"யா" என்றேன்.

அதற்குப் பின்னால் நாக்கில் நின்ற டாங்கெயைப் பல்லைக் கடித்து உள்ளே வைத்தேன். லின்டமன் கையை நீட்டினார். "டாங்கெ" என்றார். இவர் இப்போது எதை வேண்டாம் என்கிறார் என்று ஒரு கணம் திக்கென்றது. கை குலுக்கத்தான்.

8

சாந்தி அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "நான் சொன்னனான்தானே, திருப்பிக் கேப்பான் எண்டு" என்றார். மதுராவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவள் ஜெர்மனில் வாழ்த்தினாள்.

நன்றியுணர்வுப் பயிற்சிப் பெண்மணியிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. எங்கள் அட்டைகளைப் படமெடுத்து அனுப்பினால் நடைவழிச் சுவரில் மாட்டுவார்களாம். என் அட்டையில் ஒரு கோடு காலியாக இருந்ததைக் கவனித்ததாகவும், அதை இப்போது நிரப்பிக்கொள்ள விரும்புகிறேனா என்றும் கேட்டிருந்தார். ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினேன். டாங்கெ. முதல் தடவையாக அந்தச் சொல்லை அதன் சரியான பொருளில் எழுதினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நல்ல ஊர்.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மறுக்கா கேட்டாங்களா, கண்ணு?"

கேட்டார்கள், கொடுத்தும் விட்டார்கள் என்றேன். "பாத்தியா, நாஞ் சொன்னனில்ல" என்று ஆரம்பித்தார். அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். அந்த வெற்றியை அவருக்கே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். விட மனம் வரவில்லை.

"அவங்களா கேக்கலீங்கம்மா. நாந்தான் போயிக் கேட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது.

"நீயாப் போயா? என்னன்னு கேட்டே?"

"எனக்கு வேணும்னு."

"அப்பிடியேவா?"

"அப்பிடியே."

"ஆலாப் பறக்கறான்னு நெனச்சுக்க மாட்டாங்களா, கண்ணு?"

"நெனச்சுக்கட்டும்."

அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பெரியம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறார் என்று எண்ணினேன். காங்கேயத்தை நினைத்திருக்கலாம், அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. பிறகு சொன்னார்:

"செரி. பறந்தது பறந்துட்டே. இனி கெட்டியாப் புடிச்சுக்கோ."

நன்றி என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், மேடையில் பேசுகிறாயா என்பார்.

"செரீங்கம்மா" என்றேன்.